பெரட்டில் மாரியாயி

இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் கலாராணி கிளார்க். காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு வந்த ஆட்களைக் கணக்கெடுக்கும்போது, பெயர் பதிய அவளே கம்ப்யூட்டரில் பைத்தான் புரோகிராம் எழுதி ஒரு சின்ன விண்டோ செய்திருந்தாள். கொழுந்து பறிக்க வந்தவரின் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தைத் தட்டினால் சரிக்குறி விழும்.

போன மாதம் அவள் அம்மா மாரியாயி மண்சரிவில் இறந்துபோனாள். மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று அன்று காலையிலேயே சொன்னவளை, போய்ப் பறி என்று அனுப்பியவர் தோட்டத்து மேனேஜரான துரை. காரியம் முடிந்து வந்த கலாராணி, புரோகிராமில் அம்மாவின் பெயர் இருந்த வரியைத் தன் கையாலேயே அழித்தாள்.

மறுநாள் விண்டோவைத் திறந்தாள். பட்டியலின் கடைசியில் மாரியாயி என்று இருந்தது. நேரே சரிக்குறியும் விழுந்திருந்தது. புரோகிராமைத் தேடினாள். அந்தப் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

மாலையில் எல்லோருடைய கொழுந்தும் நிறுத்து முடிந்தபின் ஒரு சாக்கு மிஞ்சியது. பதினெட்டுக் கிலோ. யாரும் தன்னுடையது என்று வரவில்லை. இலையிலெல்லாம் ஈர மண் ஒட்டியிருந்தது.

கலாராணி துரையைக் கூட்டிவந்து காட்டினாள்.

"எங்க அம்மா வேலைக்கு வந்துட்டுப் போயிருக்குங்க, தொரை."

துரை திரையைப் பார்த்தார். சாக்கில் கைவிட்டுக் கொழுந்தை அள்ளிப் பார்த்தார்.

"நல்ல கொழுந்து" என்றார். "நாளைக்கும் வருவாளா?"