செருப்புச் சாட்சி

"மதியம் லுஹர் தொழுதுட்டு வர எவ்வளவு நேரம் ஆகும், அக்கா?"

தண்ணீர் மோட்டார் கம்பெனியின் புதிய சூப்பர்வைசர் கேட்டான். கேஷியர் அக்கா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆள் யாருங்கிறதைப் பொறுத்தது, தம்பி. நம்ம ஆமை பாய்னா, அவர் முடிக்கிறதுக்குள்ள சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிடுவாங்க."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லா ஊழியர்கள் முன்னிலையிலும் அவன் பேச வேண்டும். தலைப்பு, 'வேலை ஓர் அமானிதம்'. "நல்லாப் பேசுங்க தம்பி. அதுக்கப்புறம் உங்க வேலை நிரந்தரத்தைப் பத்திப் பார்ப்போம்" என்று முதலாளி பொடி வைத்துச் சொல்லியிருந்தார். குடும்பத்திலேயே முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், "சாப்பிடுறியா?" என்பதற்கு முன்னால் உம்மா கேட்பது, "நிரந்தரம் பண்ணிட்டாங்களா?"

பேச்சு தயார். நேர்மை, பொறுப்பு, நேரம் தவறாமை எல்லாம் வந்துவிட்டன. நச்சென்று ஓர் உதாரணம்தான் இல்லை.

அப்போதுதான் ஸ்டோரில் வேலை பார்க்கும் ஆமை பாய் கண்ணில் பட்டார். லுஹருக்குப் போனால் மனிதர் லேசில் திரும்புவதில்லை. தொழுகையைச் சாக்காக வைத்துத் தூங்குகிறாரோ?

நினைத்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒருவரைச் சந்தேகப்படுவது பாவம். அவன் எழுதிய பேச்சிலேயே இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது.

சரி, சந்தேகம்தானே பாவம்? நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டால் அது சந்தேகமே இல்லையே!

அடுத்தவரை வேவு பார்ப்பதும் பாவம் என்பது மூன்றாவது பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை அவன் அப்போது புரட்டவில்லை.

மறுநாள் தொழுகை அறைக்கு வெளியே, செருப்பு அடுக்கை ஒட்டிய தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டான். தன் தொழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆமை பாய் வந்தார். முழங்கால் வலிக்காரர். செருப்பைக் கழற்றவே ஒரு யுகம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தொழுதவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பாயைக் காணோம். அவர் செருப்பு மட்டும் அசையாமல் கிடந்தது.

"என்ன சார், செருப்புக்குக் காவலா?" அந்தப் பக்கம் போன எலக்ட்ரீஷியன் கேட்டான்.

"இல்லப்பா, சும்மா... காத்து வாங்குறேன்."

"செருப்புக் காத்தா?"

உள்ளே எட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் தொழுகிறவரைத் தொந்தரவு செய்வது ஒழுக்கமாகாதே! அதில் எல்லாம் அவன் ரொம்பக் கண்டிப்பு.

அரை மணி நேரம் கழித்து பாய் வெளியே வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

'தூங்கி எழுந்த முகமேதான்!'

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே கதை. உதாரணம் கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வேலை நேரங்கிறது நம்மை நம்பி ஒப்படைச்ச அமானிதம். ஆனா, தொழுகை அறைப் பக்கம் போறேன்னு, தினமும் அரை மணி நேரம் சீட்டுல இல்லாம இருக்கற ஒருத்தர் இங்கேயே இருக்கார். பேர் சொல்ல மாட்டேன். புறம் பேசுறது நமக்கு ஆகாது. அவர் இனிமே திருந்திடுவார்னு நம்புறேன்."

கேஷியர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் கைதட்டியது ஆமை பாய். அவர் கண் கலங்கியிருந்தது.

'உறைச்சிடுச்சு' என்று சூப்பர்வைசர் உள்ளுக்குள் பூரித்தான்.

கூட்டம் முடிந்ததும் முதலாளி தன் அறைக்கு அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வேலை நிரந்தரம், தம்பி. இத்தனை பேர் முன்னாடி நின்னு தன் தப்பைத் தானே ஒத்துக்கிற தைரியம் யாருக்கு வரும்?"

"யார் தப்பை, முதலாளி?"

"இன்னும் என்ன கூச்சம்? லுஹர் நேரத்துல உங்க டேபிள்ல புகார் போன் அடிச்சுக்கிட்டே கிடக்கு, உங்களைக் காணோம்னு எனக்குச் சேதி வந்துச்சு. பாவம், பாய்தான் தொழுது முடிச்ச கையோட, செருப்புகூடப் போடாம தொழுகை அறைப் பின்கதவு வழியா ஓடி ஓடி எடுத்திருக்கார். கஸ்டமர் எல்லாருக்கும் பதில் சொல்லி முடிச்சு, திரும்பவும் அந்த வழியாவே வந்து செருப்பை மாட்டிக்கிட்டுப் போவாராம். அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு!"

சூப்பர்வைசர் தன் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கதவை, துடைப்பம் வைக்கிற அறை என்றல்லவா நினைத்திருந்தான்!

"முதலாளி... நான் பேசினது என்னைப் பத்தி இல்ல. நான் அங்க நின்னது வந்து..."

"எல்லாம் தெரியும், தம்பி. நேத்தே உங்களை வேலையை விட்டு நிறுத்திடலாம்னுதான் இருந்தேன். பாய்தான் குறுக்கே விழுந்து தடுத்தாரு. 'அந்தத் தம்பி தினமும் தொழுகை அறை வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ளே வரத் தயங்கிக்கிட்டு, எங்க செருப்பையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. மனசுல ஏதோ பெரிய பாரம் போல இருக்கு. நாமளா அவரைத் தப்பா நினைச்சுடக் கூடாது, முதலாளி'ன்னாரு!"