சிங்கப்பூரும் அரியலூரும்

"சிங்கப்பூர் ஏர்போர்ட்டுல ஏறினா மீனம்பாக்கத்துக்கு நாலு மணி நேரம்தான். அங்கேருந்து பெரம்பலூருக்கு வர்றதுக்குத்தான் ஏழு மணி நேரம்" என்றார் ராசாங்கம்.

பந்தலில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"ஆகாயத்துல ஏது மேடு பள்ளம்?" என்றார் ஒருவர். துக்க வீடு என்பதே சற்று மறந்துபோனது.

உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே கிடந்தாள் ரெங்கம்மாள். முந்தின நாள் காலையில் உயிர் போனது. சிங்கப்பூரில் வெல்டராக இருக்கும் மகன் தங்கராசுவுக்குத் தந்தி போய், புறப்பட்டுவிட்டதாகப் பதிலும் வந்தாயிற்று.

ரெங்கம்மாளின் கணவர் வீரமுத்து தள்ளாடி எழுந்து வந்தார்.

"அண்ணே, கண்ணகிக்குச் சொல்லி வுட்டீங்களே, என்ன ஆச்சு?"

"நேத்தே ஆள் போயாச்சு. வர்றதும் வராததும் அவ இஷ்டம்."

"மக கையால ஒரு பிடி வாய்க்கரிசி வேணும்னு கேட்டுக்கிட்டே போனாண்ணே."

ராசாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தம்பி வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான். அவர் சொல்லாமல் பந்தல்கால்கூட நட மாட்டார்கள்.

"அரியலூர் என்ன சீமையிலயா இருக்கு? பெரம்பலூர்ல ஒரு பஸ் மாறினா வந்துடலாம்" என்றாள் பக்கத்து வீட்டுக் காத்தாயி. "என்ன மனஸ்தாபம் இருந்தாலும் பெத்தவ சாவுக்குமா ரோஷம் பாக்குறது?"

"கல்நெஞ்சக்காரி" என்றாள் இன்னொருத்தி.

அழுது ஓய்ந்த பெண்களுக்கு ஏசுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

வெயில் சாயும் நேரத்தில் டாக்ஸி வந்து நின்றது. தங்கராசு ஓடி வந்து அம்மாவின் காலில் விழுந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

அழுது முடித்துச் சுற்றிலும் பார்த்தான்.

"அக்கா எங்க பெரியப்பா?"

ராசாங்கம் உதட்டைப் பிதுக்கினார். "கடல் தாண்டி நீ வந்துட்ட. இந்தா இருக்கிற அரியலூர்லேருந்து வர அவளுக்கு மனசில்ல. வுடு. பொழுது எறங்குறதுக்குள்ள எடுக்கணும்."

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்ணே" என்று கெஞ்சினார் வீரமுத்து.

"இன்னும் எம்புட்டு நேரம் பாக்குறது? ஊர்ச் சனமெல்லாம் காத்துக் கெடக்கு."

எடுத்துவிட்டார்கள். மகள் போட வேண்டிய பிடி அரிசியையும் காத்தாயியே போட்டாள்.

கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான் தங்கராசு. ஊரைத் தாண்டி, சுடுகாட்டுப் பாதையில் வாய்க்கால் பாலம் வந்ததும் நின்றுவிட்டான்.

பாலத்தின் ஓரமாகக் கண்ணகி நின்றிருந்தாள். கையில் கோடிப் புடவை. முந்தானையில் முடிந்த அரிசி. முகம் அழுது வீங்கியிருந்தது.

தங்கராசுவுக்கு ஆத்திரம் பொங்கியது.

"இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதாக்கா? நானே சிங்கப்பூர்லேருந்து வந்துட்டேன்."

"வழியில நிக்கக் கூடாது தம்பி, நட நட" என்று பின்னாலிருந்து அவசரப்படுத்தினார் ராசாங்கம்.

கண்ணகி பாடையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நீ பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே வந்துட்டேன் தம்பி. சாதி வுட்டுக் கட்டிக்கிட்டவ தெருவுக்குள்ள காலு வெச்சா அம்மாவத் தூக்க ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு, பெரியப்பாதான் என்னை இங்கயே நிக்க வெச்சுட்டாரு."