கடைசிப் பக்கம்

நரிக்குடி வீட்டு வாசலில் வெயில் வெள்ளையாகக் காய்கிறது. ஆசிபாவின் கையில் அந்தப் புத்தகம்: போர் முடிந்தும் பத்து வருஷம் கடலில் அலைந்து வீடு திரும்பும் கிரேக்க ராஜாவின் கதை. துபாயிலிருந்த கணவன் நியாஸுக்குத் தினம் ஒரு பக்கம் வாசித்து, குரலைப் பதிந்து போனில் அனுப்பினாள். அறையில் அவனோடு தங்கியிருந்த ஏழு பேரும் சாப்பிட்டபடியே கேட்பார்கள். கடைசிப் பக்கத்தை மட்டும், "நீங்க வந்தாத்தான் வாசிப்பேன்" என்று நிறுத்தி வைத்திருக்கிறாள். நாலு வருஷம் கழித்து, இதோ, ஷேர் ஆட்டோவிலிருந்து நியாஸ் இறங்குகிறான். பெட்டியில் விமான நிலையத்தில் ஒட்டிய காகிதம் படபடக்கிறது. காதோரம் நரைத்திருக்கிறது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்தபடி அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டுகிறாள். அதை வாங்காமல் அவன் தன் போனை நீட்டுகிறான். போனுக்குள் சோற்றுத்தட்டுகளின் சத்தம். "வாசி ஆசிபா. அங்க ஏழு பேரும் காத்துக்கெடக்காக."