யாரால் சிவந்தது?

மரகதவல்லி மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அங்கே ஊழியர் சங்கச் செயலாளரும் அவள்தான். கடை கொடுத்த புதிய சீருடைச் சேலை, கட்டியவள் நிதானமாக இருக்கும்வரை நீலமாக இருக்கும். கோபம் வந்தால் சிவந்துவிடும். பிறகு கடையின் இயந்திரத்தில் போட்டால்தான் நீலம் திரும்பும். ஒவ்வொரு முறைக்கும் அறுபது ரூபாயைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

"நாப்பது சேலைய விரிச்சுப் போடச் சொல்லிட்டு, ஒரு கர்ச்சீப் வாங்கிட்டுப் போறாங்க. செவக்காம என்ன சார் செய்யும்?" என்று மேனேஜரிடம் கேட்டாள். கேட்கும்போதே சிவந்தது. அதற்கும் பிடித்தார்கள்.

மூன்று நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நான்காம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. இனிமேல் கோபமூட்டியவரே பணம் கட்ட வேண்டும். அது யாரென்று சேலையே காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாளே மேனேஜர், "கொஞ்சம் உக்காருங்கம்மா, கால் வலிக்கப் போகுது" என்று குழைந்தார். வாடிக்கையாளர்கள் விரித்த சேலைகளைத் தாங்களே மடித்து வைத்தார்கள். சங்கத்தில் லட்டு கொடுத்தார்கள்.

மாதக் கடைசியில் வீட்டுக்கு ஒரு பில் வந்தது. அதில் அவள் கணவன் பூமிநாதனின் பெயர் இருந்தது. இருபத்தாறு முறை சிவப்பு. எல்லாமே அவள் சேலை கட்டிக் கிளம்பும் காலை ஏழரை மணிக்கு. காரணம்: "இன்னிக்கும் இதே சட்னியா?"

பூமிநாதன் பில்லை இரண்டு முறை படித்தான்.

"ஏம்மா, ஒங்க சங்கத்துல புருசங்களச் சேத்துக்குவீங்களா?"

"தாராளமா. ஆனா மனுவ எங்கிட்டத்தான் குடுக்கணும்."