கடைசி பெஞ்சின் சந்தேகம்

"எனக்குப் புரியலை, டீச்சர்!"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பிள்ளையின் கை அல்ல. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியரின் கை.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

கரும்பலகை முன்னால் நின்ற பயிற்சி ஆசிரியை திரும்பிப் பார்த்தாள். இன்று அவளுக்குச் செயல்முறைத் தேர்வு. போன முறையே கோட்டை விட்டாயிற்று. இதிலும் தோற்றால் ஆசிரியர் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். சன்னலோரம் தேர்வாளர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பேராசிரியருக்கு இப்போதா சந்தேகம் வர வேண்டும்?

"என்ன புரியலை, சார்?"

"நாலைவிட எட்டு பெருசு. அப்ப எட்டில் ஒண்ணு மட்டும் எப்படி நாலில் ஒண்ணைவிடச் சின்னதாகும்?"

வட்டம் வரைந்து, கோடு போட்டுக் காட்டினாள். "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!" வகுப்பே கத்தியது.

"எனக்கு இன்னும் புரியலை."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்குக் கல்லூரி மாணவர்கள் வைத்த பட்டப்பெயரே 'பொன்மொழி'. வாரத்துக்கு ஒன்று சொல்வார். போன வாரம் சொன்னது: "'புரிஞ்சுதா'ன்னு கேட்காதீங்க. எந்தப் பிள்ளையும் இல்லைன்னு சொல்லாது."

ஓகோ, அதை மறந்ததற்குத்தான் இந்தத் தண்டனையா?

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காகிதத்தை மடித்துக் காட்டினாள்.

"ம்ஹூம். புரியலை, டீச்சர்."

தேர்வாளரின் பேனா என்னவோ எழுதியது. இனி எது போனால் என்ன என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

"சார், உங்க பெஞ்சில் இப்ப நாலு பேர். வசதியா இருக்கா?"

"ஜோரா இருக்கு."

"இன்னும் நாலு பேர் போய் உட்காருங்க!"

பிள்ளைகள் பாய்ந்தார்கள். பேராசிரியர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"பெஞ்சு அதேதான். ஆளுக்குக் கிடைச்ச இடம்?"

"ஐயோ, நசுங்குது! புரிஞ்சுது, புரிஞ்சுது!"

அவர் பக்கத்தில், அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த சிறுமிகூட வாய்விட்டுச் சிரித்தாள்.

மணி அடித்தது. தேர்வாளர் வெளியே வந்து, "பாஸ்மா. மூணு தடவை கேட்டும் முகம் சுளிக்கலையே!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாஸான பிறகும் அவளுக்கு ஆறவில்லை. வராந்தாவில் பேராசிரியரை மறித்தாள். "ஏன் சார், தேர்வன்னிக்குத்தானா என்னைச் சோதிக்கணும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தச் சிறுமி ஓடிவந்து அவர் சட்டையை இழுத்தாள்.

"சார், நாளைக்கும் வந்து எனக்குப் பதிலா கேட்பீங்களா? நான் இன்னிக்கு மாதிரியே காதுல சொல்றேன். பெருக்கல்லயும் எனக்குச் சந்தேகம் இருக்கு."

பயிற்சி ஆசிரியைக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

பேராசிரியர் குனிந்தார். "இனிமே நீயே கேளு, கண்ணு. நான் மூணு தடவை கேட்டேனே, டீச்சர் திட்டினாங்களா?"

சிறுமி இல்லையென்று தலையாட்டினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்த வராந்தாவிலேயே மெல்லக் கையை உயர்த்தினாள்.

"டீச்சர்..."