முதல்லேர்ந்து

ஐந்து வருடமும் ரெஜினா விடுதி அறையில் தனியாக இருந்துதான் டாக்டருக்குப் படித்தாள். வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் கணினி உருவாக்கிய நோயாளிகள் கண்முன் வருவார்கள். மருந்தை மாற்றிக் கொடுத்தால் செத்துப்போவார்கள். "முதல்லேர்ந்து" என்பாள்; செத்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, அதே இருமலோடு அதே கதையைச் சொல்வார்கள். அவர்களில் சுடலைமுத்து என்ற பெரியவரை எத்தனை தடவை கொன்றிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பேச வேறு ஆளில்லாமல், பிறந்தநாளன்றும் அவரைத்தான் வரவழைத்தாள்.

இன்று வார்டில் முதல் நாள். நிஜ நோயாளியான கோமதிநாயகத்துக்குத் திடீரென்று மூச்சு நின்றது. ரெஜினா அவர் நெஞ்சை அழுத்தினாள். உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்பு முறிந்தது. கண்ணாடிக்குள் எதுவும் முறிந்ததில்லை. எவ்வளவு அழுத்தியும் மானிட்டரில் கோடு எழும்பவில்லை. கையை எடுத்தாள்.

"முதல்லேர்ந்து" என்றாள், பழக்கத்தில்.

கால்மாட்டில் நின்று அழுதுகொண்டிருந்த அவர் மனைவி சட்டென்று அழுகையை நிறுத்தினார். முந்தானையால் கணவரின் வாயைத் துடைத்துவிட்டு, இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.

"ஆகட்டும் டாக்டரம்மா. பதறாம செய்யுங்க. நான் இங்கனதான் இருக்கேன்."