காட்டுத் திராட்சை ரசம்

தேவாலயத்தின் அறுப்பின் பண்டிகைப் பந்தலில் யூனிஸின் மேசைக்கு மட்டும் இன்னும் யாரும் வரவில்லை. பதினொரு மணி வெயிலில் ஜாடி கருஞ்சிவப்பாக நிற்கிறது. கீழ்க்கட்டளைப் பகுதியில் ஒரு காலி மனையின் வேலியில் படர்ந்த காட்டுத் திராட்சையை அவளே பறித்துப் பிழிந்த ரசம். போன வருடம் வீணாக்க மனமில்லாமல் அடிமண்டியையும் கலக்கி ஊற்றிவிட்டாள். பாடகர் குழு முழுவதும் பாட்டின் நடுவே தொண்டை அரித்து இருமியது. இந்த முறை இரண்டு நாள் அசைக்காமல் தெளியவைத்து, மேலாக மட்டும் இறுத்திருக்கிறாள். குழுத் தலைவர் அசரியா வந்து நிற்கிறார். “என்ன சிஸ்டர், இந்த வருஷமும் எங்கள இரும வைக்கிற பிளானா?” பந்தலே சிரிக்கிறது. “குடிச்சுட்டுப் பேசுங்க பிரதர்” என்று டம்ளரை நீட்டுகிறாள். அவர் ஒரே மடக்கில் குடிக்கிறார். சிரிப்பு அடங்குகிறது. அவருடைய தொண்டை ஏறி இறங்குவதையே யூனிஸ் பார்க்கிறாள். அவர் நாக்கைச் சுழற்றுகிறார், அரிப்புக்காகக் காத்திருக்கிறார். மைக்கில் யாரோ ஊதிப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அரிக்கவில்லை. ஊதா படிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் மகனிடம் சொல்கிறார்: “ஆரோன், பாடுறவங்க எல்லாரையும் கூட்டிட்டு வா. மெதுவாவே வா.” அதற்குள் அவருடைய வெறும் டம்ளர் மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. யூனிஸ் விளிம்பு வரை ஊற்றுகிறாள்.